கடைசி பெஞ்சில் காலியாக இருக்கும் இடம்

காலைக் கூட்டம் முடிந்து பிள்ளைகள் வரிசையாக வகுப்புக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். அந்த நேரம் பார்த்து, ஒரே நிறத்தில் சேலை கட்டிய ஆறேழு பெண்கள் தலைமையாசிரியர் அறை வாசலில் வந்து நிற்பார்கள். கூடவே ஒன்றிரண்டு பையன்கள், சட்டையை உள்ளே விட்டு, ஷூவைப் பளபளவென்று துடைத்துக்கொண்டு. கையில் கல்லூரி முதல்வரின் கடிதம், கல்வி அலுவலகத்தின் அனுமதி நகல், அட்டை போட்ட நீள நோட்டுகள். கன்னியாகுமரி மாவட்டத்தில் உயர்நிலைப் பள்ளியில் வேலை பார்த்த யாருக்கும் இந்தக் காட்சி புதிதல்ல. பாடம் நடத்திப் பழக பி.எட். பிள்ளைகள் வந்துவிட்டார்கள்.

ஆசிரியர் அறையில் சிலர் முகம் சுளிப்பார்கள். பலர் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள். "மக்களே, எட்டு 'பி'யை நீ பார்த்துக்கொள். நான் ஆபீஸில் இருக்கிறேன். ஏதாவது என்றால் கூப்பிடு" என்று ஒரு மூத்த ஆசிரியர் சாக்பீஸ் பெட்டியை நீட்டுவார். அந்த நொடியில் வழிகாட்ட வேண்டியவர் வகுப்புக்கு வெளியே போய்விடுகிறார். வழி தெரியாதவர் உள்ளே, நாற்பது பிள்ளைகளோடு, தனியாக. நானும் சில வருடங்கள் இதைத்தான் செய்தேன். விடைத்தாள் கட்டு மேசையில் கிடக்கும்போது, வலிய வந்து வகுப்பை ஏற்றுக்கொள்ள ஒருவர் கிடைத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

இதைச் சோம்பல் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அதற்குக் காரணம் ஆளின் குணத்தில் மட்டும் இல்லை. சுவரில் தொங்கும் கால அட்டவணையிலும் இருக்கிறது.

விதியை முதலில் பார்த்துவிடுவோம். 2014 வரை பி.எட். ஓராண்டுப் படிப்பு. பள்ளிக்கு வந்து பாடம் நடத்திப் பழகுவது 40 நாள் கணக்கு. உச்ச நீதிமன்றம் நியமித்த நீதிபதி ஜே.எஸ். வர்மா ஆணையம் ஆசிரியர் கல்வியின் சீர்கேடுகளைப் பற்றி 2012இல் அறிக்கை கொடுத்தது. அதைத் தொடர்ந்து தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014இல் புதிய விதிமுறைகளை வெளியிட்டது. 2015-16 முதல் பி.எட். இரண்டாண்டு ஆயிற்று. பள்ளியில் இருக்க வேண்டிய காலம் குறைந்தது 20 வாரம்: முதலாண்டில் 4, இரண்டாமாண்டில் 16. நோக்கம் நல்லது. டாக்டர் படிப்பவர் மருத்துவமனையில் இருந்து பழகுவதுபோல், ஆசிரியருக்குப் படிப்பவர் பள்ளியில் ஊறிப் பழகட்டும் என்பது.

வாரங்கள் கூடின. வழிகாட்டி ஆசிரியருக்கு என்ன கூடியது என்று பார்த்தால் கையெழுத்துப் போட வேண்டிய பக்கங்கள்தான். நாளுக்கு எட்டுப் பாடவேளை, வாரத்துக்கு நாற்பது. அதில் ஒரு பட்டதாரி ஆசிரியர் இருபத்தெட்டு, முப்பது எடுக்கிறார். யாராவது விடுப்பு என்றால் மாற்றுப் பாடவேளையாக இன்னும் ஒன்றிரண்டு தலையில் விழும். மிச்சத்தில் நோட்டுத் திருத்தம், எமிஸ் என்ற இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவு, உதவித்தொகைப் படிவம், சாரணர், சத்துணவுக் கணக்கு. பயிற்சிக்கு வந்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுவதற்கு என்று ஒரு கட்டம்கூட அந்த அட்டவணையில் கிடையாது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியரின் வார வேலை நேரத்தை, பாடத் தயாரிப்பையும் சேர்த்து, 45 மணி என்று குறிக்கிறது. தயாரிப்புக்கு நேரம் வேண்டும் என்று சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது. இன்னொரு ஆசிரியரைத் தயாரிக்கவும் நேரம் வேண்டும் என்பது எந்த அட்டவணைக்கும் இன்னும் தெரியவில்லை.

வழிகாட்டுவது என்றால் நடைமுறையில் என்ன? மேற்குக் கடற்கரையை ஒட்டிய ஒரு பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். தோவாளைப் பக்கத்திலிருந்து, வயலும் பூந்தோட்டமும் பார்த்து வளர்ந்த ஒரு மாணவ ஆசிரியை வந்திருந்தார். சமூக அறிவியல், பருவக்காற்றுகள் பாடம். சார்ட் அழகாக இருந்தது. அம்புக்குறிகள் நீலமும் சிவப்புமாக. "தென்மேற்குப் பருவக்காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது?" என்று கேட்டார். கடைசி வரிசையில் ஒரு பையன் "கச்சான்" என்றான். வகுப்பு முழுதும் சிரித்தது. அவருக்கு முகம் சிவந்துவிட்டது. கேலி செய்கிறான் என்று நினைத்துப் பையனை எழுந்து நிற்கவைத்தார். பாடம் முடியும்வரை அவன் நின்றுகொண்டே இருந்தான்.

கச்சான் என்பது மேற்கிலிருந்து அடிக்கும் காற்றுக்குக் கடற்கரைக்காரர்கள் வைத்திருக்கும் பெயர். வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், தெற்கிலிருந்து வந்தால் சோழகம். எந்தக் காற்றில் கடலுக்குப் போகலாம், எதில் போகக்கூடாது என்பதை அந்தப் பையன் நடக்கப் பழகியபோதே கேட்டிருப்பான். அவன் சொன்ன பதில் ஏறக்குறையச் சரி. புத்தகத்தின் சொல்லில் மட்டும் இல்லை. பிள்ளைகள் சிரித்தது, வீட்டுச் சொல் வகுப்பறைக்குள் நுழைந்துவிட்டதே என்ற கூச்சத்தில்.

அன்று நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தற்செயல்தான், ஆபீஸில் இன்டர்நெட் வேலை செய்யவில்லை. நோட்டில் ஒரே ஒரு வரி எழுதினேன்: "அவன் சொன்னது பதில்." மணி அடித்ததும் வராந்தாவில் நின்று பத்து நிமிடம் பேசினோம். அவர் அழவில்லை. ஆனால் வெகுநேரம் பேசவுமில்லை. மறுநாள் வகுப்புக்குள் நுழைந்ததும் அந்தப் பையனைக் கூப்பிட்டு, கரும்பலகையில் நான்கு காற்றுகளையும் வரையச் சொன்னார். அவன் வரைந்த படத்தில் கரை இருந்தது, வள்ளம் இருந்தது, துறைமுகத்துக்குள் நுழையும் வாய் இருந்தது. அதன்மேல் அவர் புத்தகச் சொற்களை எழுதினார். அந்த வகுப்பில் அதற்குப் பிறகு யாரும் அவரைப் பார்த்துச் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

ஒரு ஆசிரியருக்குத் தன் வகுப்பைத் தானே பார்க்க முடியாது. கரும்பலகைப் பக்கம் திரும்பும்போது முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது, கேள்வி கேட்டுவிட்டு எத்தனை நொடி காத்திருக்கிறோம், எந்த மூலையைப் பார்த்தே பேசுகிறோம் என்பதெல்லாம் வேறொருவர் கண்ணில்தான் படும். பார்த்தவர் அதை அன்றைக்கே, வகுப்பின் சூடு ஆறுவதற்குள், ஒரு விஷயமாகச் சொல்ல வேண்டும். பத்து விஷயம் சொன்னால் ஒன்றும் நிற்காது. நம்முடைய உற்றுநோக்கல் நோட்டுகளைப் புரட்டினால் எல்லாப் பக்கத்திலும் ஒரே வாசகம்: "பாட அறிமுகம் நன்று. கரும்பலகைப் பயன்பாடு நன்று. குரல் வளம் இன்னும் கூடலாம்." வகுப்புக்கே போகாமல் எழுதக்கூடிய வாசகங்கள் இவை. போகாமல்தான் எழுதப்படுகின்றன.

கல்லூரியில் நுண்ணிலைக் கற்பித்தல் என்று ஒன்று சொல்லிக் கொடுக்கிறார்கள். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் 1960களில் உருவான முறை. ஐந்தாறு நிமிடம், ஒரே ஒரு திறன், எதிரில் சக மாணவர்கள். நடத்தி முடித்ததும் பேசி, திருத்தி, மறுபடி நடத்துவது. அதன் உயிர் அந்த 'மறுபடி'யில் இருக்கிறது. பள்ளிக்கு வந்ததும் அந்த உயிர் போய்விடுகிறது. இங்கே யாரும் மறுபடி நடத்துவதில்லை. அடுத்த பாடம், அடுத்த பக்கம், அடுத்த கையெழுத்து.

டான் லார்ட்டி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1975இல் சொன்ன ஒரு கருத்து இங்கே பொருந்தும். ஆசிரியர் வேலைக்கு வருகிறவர் அதற்கு முன்பே பல ஆயிரம் மணி நேரம் மாணவராக உட்கார்ந்து ஆசிரியர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர். வேறு எந்தத் தொழிலிலும் இப்படி வேடிக்கை பார்க்கும் ஒரு நீண்ட பருவம் கிடையாது. பார்த்தது முகப்புப் பக்கம் மட்டும்; அந்த ஆசிரியர் இரவில் என்ன யோசித்தார், ஏன் அந்த உதாரணத்தை எடுத்தார் என்பது தெரியாது. பயிற்சிக் கல்லூரி எவ்வளவு புதிதாகச் சொல்லிக் கொடுத்தாலும், வகுப்பில் கை நடுங்கும்போது வருவது தன் ஏழாம் வகுப்பு ஆசிரியரின் குரல்தான். நல்ல குரலாக இருந்தால் பிழைத்தோம்.

குமரி மாவட்டத்துக்கு இது புரியாத சங்கதி இல்லை. 'ஆசான்' என்ற சொல் இன்னும் புழக்கத்தில் இருக்கும் மண் இது. வர்ம ஆசான், களரி ஆசான், வைத்தியர் ஆசான் என்று கல்குளம், விளவங்கோடு பக்கம் இன்றும் சொல்வார்கள். ஆசானிடம் சேர்ந்த பையன் முதலில் எண்ணெய் காய்ச்சுவான், இலை பறிப்பான், நோயாளியின் காலைப் பிடித்துக்கொள்வான். ஆசான் கை எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பான். பிறகு அவன் கை போகும், ஆசான் பார்த்துக்கொண்டிருப்பார். பார்க்கும் இடம் மாறுவதில்தான் படிப்பே இருக்கிறது. (அந்த முறையில் கேள்வி கேட்க இடமில்லை, சாதி வாசலில் நின்றது, ரகசியம் ஆசானோடு மண்ணுக்குள் போனதும் உண்டு. எல்லாவற்றையும் தூக்கிக் கொண்டாட வேண்டியதில்லை.)

திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை இருந்தான். மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக் கொடுப்பான். 1789இல் சென்னையில் ராணுவ அநாதைப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து, தன் பள்ளியில் மூத்த மாணவர்களை வைத்தே அதைச் சொல்லிக் கொடுக்கச் செய்தார். 1797இல் லண்டனில் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் அது பரவியது. மலிவான முறை என்பதால் அரசுகளுக்குப் பிடித்துப்போயிற்று. ஆளைத் தயார் செய்யாமலே ஆசிரியர் வேலை வாங்கிவிடலாம் என்ற ஆசை அன்றே தொடங்கிவிட்டது. 'எட்டு பி-யைப் பார்த்துக்கொள்' என்பதும் அதே ஆசைதான்.

இந்தப் பக்கம், குமரி அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூர். 1806இல் மயிலாடிக்கு வந்த மிஷனரி ரிங்கல்தௌபே பள்ளி தொடங்கினார். கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று ராணி கௌரி பார்வதி பாய் 1817இல் ஆணை பிறப்பித்தார். அடுத்த ஆண்டே இன்னொரு மிஷனரியான சார்லஸ் மீட் நாகர்கோவிலைத் தம் பணிக்கு மையமாக்கிக்கொண்டார். பள்ளிகள் பெருகியபோது ஆசிரியர்களைப் பழக்க 'போதனா முறைப் பாடசாலை' என்று தனிப் பள்ளிகள் வந்தன. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை கோட்டாற்றில் ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்துவிட்டு, நாகர்கோவில் போதனா முறைப் பாடசாலையில் வேலை பார்த்தவர். குழந்தைப் பாட்டு எழுதியவர் என்று எல்லோருக்கும் தெரியும். ஆசிரியர்களுக்கு ஆசிரியராக இருந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. அவர் பிறந்த தேரூரில்தான் இன்று மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. 1986ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி நாடு முழுதும் வந்த நிறுவனங்களில் ஒன்று. யார் யோசித்து அமைத்தார்களோ, தற்செயலோ, இடப் பொருத்தம் நன்றாக அமைந்துவிட்டது.

அந்தக் காலப் பயிற்சிப் பள்ளிகளோடு பெரும்பாலும் ஒரு மாதிரிப் பள்ளி ஒட்டியிருக்கும். பயிற்றுநர் தானே அந்த வகுப்பில் பாடம் நடத்திக் காட்டுவார். பிறகு மாணவ ஆசிரியர் நடத்துவார். இன்றைய தனியார் பி.எட். கல்லூரிகள் பலவற்றுக்கு அப்படிச் சொந்தப் பள்ளி இல்லை. பயிற்சிக்கு வருகிறவர் அடுத்தவர் வீட்டுக்கு விருந்தாளியாக வருகிறார். விருந்தாளியைக் கண்டிக்க மாட்டோம். வேலையும் உருப்படியாகச் சொல்லிக் கொடுக்க மாட்டோம். கல்லூரிப் பேராசிரியர் நடுவில் ஒன்றிரண்டு முறை வந்து எட்டிப் பார்ப்பார். அவருக்கும் நாலைந்து பள்ளிகள், பஸ் பிடித்துப் போய் வர வேண்டும்.

எல்லோரும் கவனிப்பது நோட்டுகளைத்தான். பாடக்குறிப்பு, உற்றுநோக்கல் பதிவேடு, அடைவுத் தேர்வுப் பகுப்பாய்வு, தனியாள் ஆய்வு, ஆல்பம், துணைக்கருவி என்று அட்டைப்பெட்டி நிறைய. கடைசியில் 'கமிஷன்', அதாவது செய்முறைத் தேர்வு நடத்தும் குழு, வருவதற்கு முன்னால் வீட்டில் அம்மா, தங்கை, பக்கத்து வீட்டு அக்கா எல்லோரும் உட்கார்ந்து கோடு போடுவார்கள், ஜிகினா ஒட்டுவார்கள். காசு கொடுத்தால் எழுதித் தர ஆளும் உண்டு. தனியாள் ஆய்வுக்கு ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து, வீட்டுக்குப் போய், பேசிப் பார்த்து எழுத வேண்டும். அந்தப் பிள்ளையின் பெயரைக்கூட மாற்றாமல் போன வருடத்து நோட்டிலிருந்து இறக்கிய ஒன்றில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளை அப்போது டி.சி. வாங்கிப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. கவனித்தது கையெழுத்துப் போட்ட பிறகு.

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. வழிகாட்டி ஆசிரியரின் மதிப்பீடும் பயிற்சி பெறுகிறவரின் கணக்கில் சேரும். மதிப்பெண் போடுகிறவரிடம் யாராவது "எனக்கு ஒன்பதாம் வகுப்பைப் பார்த்தால் பயமாக இருக்கிறது" என்று சொல்வார்களா? சொன்னால்தான் உதவ முடியும்; சொன்னால் மார்க் குறையும். பணியில் சேர்ந்த பிறகும் இதே கதைதான். வட்டார வள மையத்திலிருந்து வரும் ஆசிரியர் பயிற்றுநர் கையில் செல்போனோடு வகுப்பைப் பார்த்து, செயலியில் பதிவு ஏற்றுகிறார். உதவிக்கு வந்தவரா, ஆய்வுக்கு வந்தவரா என்று ஆசிரியருக்குக் குழப்பம். பாவம், பல நேரம் அவருக்கே குழப்பம். அக்கம்பக்கத்துப் பள்ளிகள் சேரும் குறுவள மையக் கூட்டங்களில் ஆசிரியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் தேநீர் வேளை, மேடையில் ஓடும் பயிற்சியைவிடப் பயனுள்ளதாக இருப்பதற்குக் காரணம், அங்கே யாரும் யாரையும் மதிப்பிடுவதில்லை.

இனி, வேலைக்கு வந்துவிட்ட புது ஆசிரியர். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலில் நின்ற மாவட்டம் இது. வீட்டுக்கு ஒரு பி.எட். இருக்கும் தெருக்கள் உண்டு. ஆள் அதிகம், காலியிடம் குறைவு. தேர்வில் வென்று அரசுப் பணிக்குப் போகும் நம் பிள்ளைகள் பலர் முதலில் வட மாவட்டங்களில் சேர்கிறார்கள். இடமாற்றக் கலந்தாய்வில் ஊர் திரும்பும்போது அனுபவசாலி ஆகிவிடுகிறார்கள். ஆகவே இந்த மாவட்டத்தில் 'புது ஆசிரியர்' என்றால் பெரும்பாலும் உதவிபெறும் பள்ளியிலோ தனியார் பள்ளியிலோ சேர்ந்தவர் என்பது என் கணிப்பு. அரசுப் பணியாளருக்காவது தகுதிகாண் பருவம் என்று ஒன்று இருக்கிறது: தொடர்ச்சியான மூன்றாண்டுக்குள் இரண்டாண்டு. அதில் பார்ப்பது பணிப்பதிவேட்டையும், குற்றச்சாட்டு ஏதும் உண்டா என்பதையும்தான். வகுப்பு எப்படிப் போகிறது என்று உட்கார்ந்து பார்த்துத் தகுதி காண்பவர் யாருமில்லை.

உதவிபெறும் பள்ளிகள் இங்கே அதிகம். தேவாலய நிர்வாகங்களும் பிற சமுதாய நிர்வாகங்களும் நடத்துபவை. நிர்வாகம் ஆளை நியமிக்கும், கல்வித் துறை ஒப்புதல் கொடுக்கும், அதற்குப் பிறகுதான் அரசுச் சம்பளம். ஒப்புதல் தாமதமானால் மாதக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில், கையில் ஒன்றும் வராது அல்லது நிர்வாகம் கொடுக்கும் சிறு தொகை வரும். ஒப்புதலுக்குக் காத்திருக்கும் ஆசிரியை எதற்கும் 'முடியாது' என்று சொல்வதில்லை. அதனால் யாருக்கும் வேண்டாத வகுப்பு அவருக்குப் போகிறது. மதியத்துக்குப் பிந்தைய பாடவேளைகள், மாற்றுப் பாடவேளைகள், ஆண்டு விழா நடனம், எல்லாம் அவருக்கு. நீந்தத் தெரிந்தவர்கள் கரையோரம் நிற்க, தெரியாதவரை ஆழத்தில் தள்ளுகிறோம். தனியார் பள்ளியில் இதோடு பள்ளி வண்டியில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலையும் சேரும். இரண்டு வருடத்தில் பலர் விட்டுவிட்டு வங்கித் தேர்வுக்குப் படிக்கப் போகிறார்கள்.

சிறு பள்ளிகளில் நிலைமை வேறு. அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. ஒருவர் தலைமையாசிரியர், கூட்டம், அறிக்கை, பயிற்சி என்று அலைகிறவர். அங்கே சேரும் புதியவருக்கு முதல் நாளே மூன்று வகுப்பு. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க ஆளே இல்லை.

புதியவருக்கு யாராவது சொல்லித் தர வேண்டியவற்றில் பாதி, எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாதவை. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பள்ளி திறந்து நோட்டு வாங்கச் சொல்லும் மாதமும், கடற்கரை வீடுகளில் காசு புழங்காத மாதமும் ஒன்று. 'நோட்டு எங்கே' என்று ஜூனில் ஒரு பிள்ளையை எழுப்பி நிறுத்துவதற்கு முன் இது தெரிந்திருக்க வேண்டும். ரப்பர் தோட்டப் பக்கத்தில் அப்பா விடியுமுன்னே பால் வெட்டப் போய்விடுவார். அம்மா அண்டி ஆபீஸுக்கு, அதாவது முந்திரி ஆலைக்குக் கிளம்பிவிடுவார். தம்பியைக் கிளப்பிக் கூட்டிக்கொண்டு தாமதமாக வரும் எட்டாம் வகுப்புச் சிறுமி சோம்பேறி இல்லை. நெல்லைக்கு வடக்கேயிருந்து வந்து விளவங்கோட்டுப் பக்கம் சேர்ந்த ஓர் ஆசிரியரிடம் முதல் நாள் ஒரு பையன் "சார், வெள்ளம் குடிக்கப் போகட்டுமா?" என்று கேட்டிருக்கிறான். அவர் ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்தாராம். இங்கே வெள்ளம் என்றால் தண்ணீர் என்று சொல்லித் தர ஒரு பக்கத்து வகுப்பு ஆசிரியர் போதும்.

மூத்தவர் கடத்துவதெல்லாம் நல்லதாக இருக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. 'முதல் மாதம் சிரிக்காதே', 'இரண்டு போட்டால்தான் அடங்குவார்கள்' என்ற உபதேசங்களும் வராந்தாவில்தான் கைமாறுகின்றன. அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்து பல வருடம் ஆயிற்று. பிரம்பு மேசை இழுப்பறைக்குள் போனது, பலருடைய பேச்சில் இன்னும் வெளியேதான் இருக்கிறது. எந்தப் பிள்ளைக்கு எந்தச் சாதி என்று புதியவர் காதில் போடுகிறவர்களும் உண்டு. ஆகவே, வயதில் மூத்தவர் என்பதற்காக மட்டும் ஒருவரை வழிகாட்டி ஆக்குவது ஆபத்து. நன்றாகப் பாடம் நடத்துகிறவர் எல்லோருக்கும் அதைப் பிரித்துச் சொல்லத் தெரியாது. 'அது தானாக வரும்' என்று சொல்லிவிடுவார்கள். பார்ப்பதற்கும், கேள்வி கேட்பதற்கும், ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை விழுங்கிக்கொள்வதற்கும் தனியாகப் பழக வேண்டும். எனக்கு அது ஓய்வுக்குச் சில வருடம் முன்புதான் கொஞ்சம் பிடிபட்டது.

வெளிநாடுகளில் இதை எப்படிச் செய்கிறார்கள்? ஜப்பானில் 1989 முதல் புது ஆசிரியருக்கு ஓராண்டு அறிமுகப் பயிற்சி கட்டாயம். இங்கிலாந்தில் 2021 முதல் இரண்டாண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டி, முதலாண்டில் பாடவேளையில் 10 சதவீதக் குறைப்பு, இரண்டாமாண்டில் 5. அங்கேயும் வழிகாட்டிகளுக்கு நேரம் போதவில்லை என்ற புலம்பல் இருக்கிறது. ஆனாலும் அட்டவணையில் கை வைத்த பிறகுதான் பயிற்சியைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். நம் நாட்டில் 2020 தேசியக் கல்விக் கொள்கை வழிகாட்டலுக்கு ஒரு தேசிய இயக்கம் வேண்டும் என்றது. 2022 ஜூலையில் 30 மத்தியப் பள்ளிகளில் முன்னோட்டம் தொடங்கியது. அனுபவசாலிகளை இணையம் வழியாக இளையவர்களோடு சேர்த்துவைக்கும் ஏற்பாடு. டெல்லியில் இருக்கும் வல்லுநரோடு திரையில் பேசுவது நல்லதுதான். கச்சான் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது.

மேலிருந்து ஆணை வரும்வரை காத்திருக்க வேண்டிய அளவுக்கு இது பெரிய காரியமும் இல்லை. ஒரே நிர்வாகத்தின் கீழ் பத்து, இருபது பள்ளிகள் இருக்கும் மாவட்டம் இது. புதியவர் சேரும் முதல் வருடத்தில் மூன்று பாடவேளை குறைத்து, அதை மூவருக்குப் பிரித்துக் கொடுக்கலாம். முணுமுணுப்பு இருக்கும், தாங்கிக்கொள்ளலாம். இரண்டு ஆசிரியர் பள்ளிகளைக் குறுவள மையத்துக்குள் ஜோடி சேர்க்கலாம். தெருவுக்குத் தெரு இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களில், பழம்பெருமை பேசாமல் வாயை மூடிக்கொண்டு ஒரு வகுப்பு முழுவதும் உட்காரக்கூடியவர்களைப் பொறுக்கி எடுக்கலாம். எண்ணிக்கை குறையும் என்று எச்சரித்துவிடுகிறேன். பி.எட். பிள்ளைகளுக்கு, நாற்பது பக்கம் எழுதும் நோட்டில் பத்துப் பக்கத்தைக் குறைத்து, அதற்குப் பதில் ஒரே பாடத்தை இரண்டு பிரிவுகளில், நடுவில் ஒரு பேச்சோடு, இரண்டு முறை நடத்தச் சொல்லலாம். எட்டு 'ஏ'யில் சொதப்பியது எட்டு 'பி'யில் சரியாவதை அவர்களே பார்ப்பார்கள்.

கால அட்டவணையை ஜூன் முதல் வாரத்தில் தலைமையாசிரியர்கள் பென்சிலால்தான் எழுதுவார்கள். தமிழாசிரியருக்கு முதல் பாடவேளை வேண்டாமாம், உடற்கல்வி ஆசிரியருக்கு வெயில் நேரம் வேண்டாமாம், ஒருவருக்கு 3.40 பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமாம். ஒவ்வொன்றுக்கும் அழிரப்பர் எடுத்து அழித்துத் திருத்துகிறார்கள். மை போட்டுச் சுவரில் ஒட்ட இரண்டாவது வாரம் ஆகிவிடும். அதுவரை கட்டங்களை நகர்த்தலாம்.